நாரிநோவும் மின்பெட்டியும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே, ஆனையிறவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துரு)



விழாவிலே பேசும்படி எம்மைக் கேட்டபொழுது, சமயத்தைப் பற்றியோ தமிழைப் பற்றியோ பேசுவோம் என்றே பலரும் எண்ணியிருப்பீர்கள். நாரிநோவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று தலைவர் அறிவித்ததும் முன்வரிசையிலே சிலர் சிரித்தனர். பின்வரிசையிலே சிலர் தம்மையறியாமலே நாரியிற் கைவைத்தனர். பின்வரிசையில் இருப்போரை எண்ணியே இப்பேச்சை எழுதினோம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற பொதுக்கூட்டத்திலே ஒரு பிரேரணை வந்தது. உப்பளத்திலும் வயலிலும் வேலைசெய்து நாரி முறிந்துபோனவர்களுக்குப் பயன்படுமாறு, வயிற்றுத் தசைகளை மின்னாலே தூண்டும் பெட்டியொன்றும் பட்டிகள் சிலவும் சங்கச் செலவில் வாங்கவேண்டும் என்பது அப்பிரேரணை. பணமும் ஓரளவு சேர்ந்தது. வாங்குமுன் விசாரித்து வருமாறு, படிக்கிற பிள்ளைகள் என்ற ஒரே தகுதியைக் கொண்டு எம் மூவரையும் பணித்தனர். எம்மில் ஒருவரும் வைத்தியர் அல்லர். ஆயினும் நூல்களைப் பார்த்தோம், இயன்மருத்துவர்களைக் கேட்டோம், பெட்டியொன்றை இரவல் வாங்கி எம் வயிற்றிலேயே கட்டியும் பார்த்தோம். கண்டதைச் சபையிலே வைப்பது எம் கடமை.

ஆனையிறவு என்றதும் உலகத்தாருக்குப் போரே நினைவுக்கு வருகின்றது. 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் இங்கு நடந்தவற்றை நாம் இங்கே விரிக்கவேண்டியதில்லை. ஆனைகள் ஆழமற்ற இக்களப்பைக் கடந்து குடாநாட்டுக்குள் இறங்கிய வழியாதலாற் பெயர் வந்தது என்பர். ஒல்லாந்தர் காவலுக்கு ஒரு கோட்டையும் வைத்திருந்தனர். எம் வீடுகளில் மாத்திரம் ஆனையிறவு என்றால் உப்பு. 1990 இல் நின்றுபோன அத்தொழில் போருக்குப் பின் மீண்டும் தொடங்கி, 2025 மார்ச்சில் மேசையுப்புத் தொழிற்சாலையும் திறக்கப்பட்டுள்ளது. அடுப்படியில் நாம் ஒரு சிட்டிகையாக எடுக்கும் இவ்வுப்பு, பாத்தியிலே ஒருவரது முதுகு வளைந்தே மேலே வருகின்றது. கட்டியான உப்பை உடைத்து, நீண்ட காம்புள்ள பலகையால் இழுத்துக் குவித்து, கடகத்தில் அள்ளி, வரம்பிலே ஏற்றிக் கொட்டவேண்டும். வெயிலோ கீழிருந்தும் அடிக்கும். வெள்ளை உப்பு அதனைத் திருப்பி முகத்தில் எறியும்.

அங்கே நாம் சந்தித்த ஒரு பெரியவர், எம் கையிலிருந்த பெட்டியைப் பார்த்து, "தம்பியவை, உந்தக் கரண்டுப் பெட்டி என்ரை நாரியை நிமித்துமோ?" என்று கேட்டார். "பாத்துச் சொல்லுறம் ஐயா" என்று விடையளித்து வந்தோம். அவரும் இன்று இங்கே வந்திருக்கிறார். ஆதலால் இப்பேச்சின் பெரும்பகுதி அவருக்குச் சொல்லும் விடையே.

முதலிலே நாரி ஏன் நோகின்றது என்று பார்ப்போம். ஒரு சிறு கணக்குப் போதும். 20 கிலோகிராம் உப்புள்ள கடகம் ஒன்றைக் கையை நீட்டிப் பிடிக்கிறோம். அது முள்ளந்தண்டிலிருந்து 50 சதமமீற்றர் முன்னே இருக்கின்றது. அதனைத் தாங்கும் முதுகுத் தசைகளோ முள்ளந்தண்டின் நடுவிலிருந்து ஏறக்குறைய 5 சதமமீற்றர் பின்னேதான் இருக்கின்றன. நெம்புகோல் விதிப்படி, முன்னே பத்து மடங்கு தூரமாயின் பின்னே பத்து மடங்கு விசை வேண்டும். ஆகவே 20 கிலோவைத் தாங்க 200 கிலோ நிறைக்குச் சமமான இழுவை அத்தசைகளில் உண்டாகின்றது. குனிந்த உடம்பின் பாரம் இதனுட் சேரவில்லை. அதே கடகத்தை வயிற்றோடு அணைத்து 25 சதமமீற்றரிற் பிடித்தால் இழுவை பாதியாகின்றது. இக்கணக்கைப் பேச்சின் முடிவிலே மீண்டும் எடுப்போம்.

முள்ளந்தண்டு தனியே நின்றால் மிகவும் பலவீனமானது. தசைகளையெல்லாம் நீக்கிவிட்டு எலும்பையும் இணையங்களையும் மாத்திரம் நிறுத்தினால், மெலிந்த ஒரு மனிதனின் மேலுடம்பைக்கூட அது தாங்காது வளைந்துபோம். பாய்மரத்தை நிறுத்துவது நாற்புறமும் இழுக்கும் கயிறன்றோ? நாரியின் கயிறுகளுள் இரண்டு ஆழத்திலே மறைந்திருக்கின்றன. ஒன்று குறுக்கு வயிற்றுத் தசை. வயிற்றுச் சுவரின் மூன்று தகடுகளுள் இது மிக உள்ளே இருப்பது. கீழ் விலாக்களிலிருந்தும் இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்தும் முதுகின் படலத்திலிருந்தும் புறப்பட்டு, வயிற்றைச் சுற்றிக் கிடையாக ஓடுவது. மூட்டை தூக்கும் எம் முன்னோர் சால்வையை இடுப்பிலே இறுக்கிக் கட்டினார்களே, ஏறக்குறைய அந்தச் சால்வையைப் போன்றது. மற்றையது மல்ரிபிடசு என்னும் தசை. முள்ளந்தண்டின் முட்களுக்கு இருமருங்கும் ஓர் என்பிலிருந்து மேலுள்ள சில என்புகள்வரை சிறு சிறு கட்டுகளாகப் பின்னிக் கிடப்பது. தசைகளுக்குத் தமிழிலே பெயர் சொல்லுவது புதுமையன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே வைத்தியம் கற்பித்த கிறீன் வைத்தியர், சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலேயே அங்காதிபாதத்தைத் தமிழ் நூலாக்கினார். அவர் பெயரைக் கேட்டே வளர்ந்த மிசன் பாடசாலைப் பிள்ளைகளாகிய நாம், இப்போது ஆங்கிலப் பெயரைச் சொல்லித் தடுமாறுவது வெட்கந்தான்.

1996 இல் அவுஸ்திரேலியாவிலே குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹொட்ஜஸ், ரிச்சாட்சன் என்னும் இருவர் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். நாரிநோ உள்ளவர் 15 பேர், இல்லாதவர் 15 பேர். மெல்லிய கம்பிகளைத் தசைக்குள்ளே செலுத்தி, ஒளி மின்னியதும் கையைச் சட்டென உயர்த்தும்படி சொன்னார்கள். நோவில்லாதவரிடத்தே கையை உயர்த்தும் தோட்டசை தொழிற்படுமுன்னரே வயிற்றின் அக்குறுக்குத் தசை இறுகிவிட்டது. கை அசையப்போகிறது என்று அறிந்து, அது உடம்பை முன்னதாகவே கட்டிக்கொள்கின்றது! நாரிநோ உள்ளவரிடத்தோ அவ்விறுக்கம் பிந்தி வந்தது. பிந்தியது செக்கனின் நூற்றிலொரு பங்குகள் சிலவேயாயினும், இச்செய்தி உலகெங்குமுள்ள இயன்மருத்துவரை அசைத்துவிட்டது. அதே நாட்டைச் சேர்ந்த ஹைட்ஸ் என்னும் ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும், நாரி பிடித்தவரிடத்தே அந்தப் பக்கத்து மல்ரிபிடசு சிறுத்துப்போவதை 1994 இல் ஸ்கான் படத்திலே காட்டினர். நோ மாறியபின்னும் தசை தானாகப் பழைய பருமனுக்கு வரவில்லை என்று பின்னர் கண்டனர். 2001 இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, அத்தசையைத் தேடிப் பயிற்றியவருள் ஓராண்டுக்குள் நோ திரும்பியது 100 க்கு 30 பேருக்கு. பயிற்றாதவருள் 100 க்கு 84 பேருக்கு. ஆனால் ஆராயப்பட்டவர் மொத்தம் 39 பேரே. இவ்வெண்ணிக்கையை மறவாதிருங்கள்.

தூங்கும் தசையை எழுப்பினால் நாரி நிமிரும். எழுப்ப மனத்தால் முடியாவிட்டால் மின்னால் எழுப்பலாமே என்பதுதான் மின்பெட்டியின் தத்துவம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றது. நாமும் முதலிலே அப்படியே எண்ணினோம்.

மின்னால் வைத்தியம் செய்வது நேற்று வந்த காரியமன்று. உரோமாபுரியிலே முதலாம் நூற்றாண்டில் இருந்த ஸ்கிறிபோனியஸ் லார்கஸ் என்னும் வைத்தியர், உயிருள்ள மின்திருக்கையைத் தலையிடிக்குத் தலையிலும் வாதத்துக்குக் காலின்கீழும் வைக்கச் சொன்னார். மீன்பிடிக்கிற ஊர்களிலே திருக்கையைக் குழம்பு வைக்கத்தான் தெரியும். 1791 இல் கல்வானி தவளைக் காலைத் துடிக்கவைத்த சோதனைகளை வெளியிட்டார். அவரோடு வாதிட்ட உவோல்ற்றா 1800 இல் முதல் மின்கல அடுக்கை ஆக்கினார். அவ்வடுக்கிலே இரண்டு உலோகத் தகடுகளுக்கிடையே அவர் வைத்தது எது தெரியுமா? உப்புநீரில் நனைத்த அட்டை. பிரான்சு தேசத்து டூசென் 1855 இல், தோலின்மேல் மின்வாயை வைத்துத் தசைகளை ஒவ்வொன்றாகத் தூண்டும் முறையைப் பெரிய நூலாகவே எழுதிவிட்டார்.

உப்பின் காரியம் அங்கே முடியவில்லை. கடல்நீரில் இலீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. வைத்தியசாலையில் நாளத்தில் ஏற்றும் சேலைன் நீரில் 9 கிராம். எம்முடைய குருதியும் ஏறக்குறைய அவ்வளவு உவர்ப்பே. நரம்புக்கு வெளியே சோடியம் மிகுதி. உள்ளே பொற்றாசியம் மிகுதி. இவ்வேற்றுமையால் நரம்பின் சுவருக்கு உள்ளும் புறமும் ஏறக்குறைய 70 மில்லிவோற்று மின்னழுத்தம் நிற்கின்றது. தூண்டினாற் கதவு திறந்ததுபோலச் சோடியம் உட்பாய, அம்மாற்றம் நரம்பு வழியே ஓடித் தசையை இறுக்குகின்றது. இதனை ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்போர் கணவாயின் தடித்த நரம்பிலே அளந்து 1952 இல் வெளியிட்டு, 1963 இல் நொபெற் பரிசில் பங்கு பெற்றனர். கணவாயும் உப்பும் எங்கள் கடற்கரைப் பொருள்கள். பரிசு மாத்திரம் வேறிடத்துக்குப் போயிற்று.

இனிப் பெட்டியைத் திறப்போம். பெட்டிகள் இருவகை. பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் வேலை வேறு. ஒன்று தோலின் உணர்ச்சி நரம்புகளைத் தினவெடுக்கச் செய்து, நோச்செய்தி மூளைக்கு ஏறுவதைத் தடுக்க முயல்வது. 1965 இல் மெல்சாக், வால் என்னும் இருவர் கூறிய வாயிற் கொள்கையே இதற்கு அடிப்படை. கடித்த இடத்தைத் தடவினால் நோக் குறைவதுபோல என்று சொல்லலாம். மற்றையது தசைக்குச் செல்லும் நரம்பைத் தூண்டித் தசையையே இறுகச் செய்வது. செக்கனுக்கு 30 முதல் 50 துடிப்புகள். ஒவ்வொன்றும் செக்கனின் ஆயிரத்திலொரு பங்கிலும் குறைவான நேரம். சில செக்கன் இறுக்கம், அதனினும் நீண்ட ஓய்வு. எமது பிரேரணையிற் சொன்னது இரண்டாம் வகை. ஆனால் எமக்கு விலைக்கடிதம் வந்த மூன்றினுள் இரண்டு முதலாம் வகைப் பெட்டிகளாக இருந்தன! விற்பவருக்கே வேற்றுமை தெரியவில்லையோ, தெரிந்தும் சொல்லவில்லையோ, நாம் அறியோம்.

இரவற் பெட்டியை எம்மிடத்தே கட்டிப்பார்த்தோம் என்றோமே. விலாவின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, இருபக்கமும் ஒட்டுத்தகடுகளை வைத்துச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். முதலில் எறும்பு ஊர்வதுபோல. பிறகு ஊசி குத்துவதுபோல. அதன்பின்பே வயிறு தானாக உள்ளிழுந்தது. எம்மில் மெலிந்தவருக்கு விரைவில் இழுத்தது. விருந்துச் சாப்பாட்டிற் பிரியமான மற்றொருவருக்கோ, குத்துத் தாங்கமுடியாத அளவுக்கு வந்தும் வயிறு அசையவில்லை. காரணம் எளிது: தோலுக்கும் தசைக்கும் நடுவிலுள்ள கொழுப்பு மின்னோட்டத்தைச் சிதறடிக்கின்றது, நோவறியும் நரம்புகளோ தோலிலேயே காத்திருக்கின்றன. ஆழத்திலுள்ள தசையை எட்டுமுன் மேலுள்ள இரண்டு தசைத் தகடுகளும் துடித்துவிடுகின்றன. உண்மையிலே ஆழத்துத் தசை இறுகியதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல எம்மால் முடியவில்லை. டப்ளின் நகரத்து ஆய்வாளர் சிலர் 2008 இல், தகடுகளைத் தக்க இடத்திலே வைத்தால் ஆழத்துத் தசையும் இறுகுவதை ஸ்கான் மூலம் காணலாம் என்று அறிவித்திருக்கின்றனர். ஆகவே ஆழத்தை எட்டவே முடியாது என்று சொல்லமாட்டோம். எட்டினாற் போதுமா என்பதே கேள்வி.

கையை உயர்த்துமுன் தசை தானாக முன்கூட்டி இறுகியது என்றோம். அதன் சிறப்பு இறுக்கத்தில் அன்று, வேளையிலே. பெட்டியோ கடகம் தூக்குவதையும் அறியாது, கால் வழுக்குவதையும் அறியாது. தன் கணக்குப்படி இறுக்கித் தன் கணக்குப்படி விடும். பறை அடிப்பவன் கையை வேறொருவர் பிடித்து ஆட்டினால் கை ஆடும், தாளம் வருமா? மேலும், நாமாக இறுக்கும்போது தசை நார்கள் முறை மாற்றி மாற்றி உழைக்கின்றன. மின்தூண்டலிலே ஒரே நார்கள் ஒருங்கே மீண்டும் மீண்டும் உழைப்பதாற் களைப்பும் விரைவில் வருகின்றது.

ஆழத் தசைக் கொள்கையும் பின்னாளிலே சிறிது தளர்ந்தது. 39 பேரைக் கொண்ட ஆராய்ச்சி என்றோமே. பிறகு பல நாடுகளில் நடந்த 29 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து, கொக்ரேன் என்னும் மதிப்பாய்வுக் குழுவினர் 2016 இல் ஆராய்ந்தனர். நீடித்த நாரிநோவுக்கு ஆழத் தசைப் பயிற்சி, ஒன்றும் செய்யாதிருப்பதைவிட நல்லது. ஆனால் மற்றை உடற்பயிற்சிகளைவிடப் பெரிதாக உயர்ந்ததன்று என்பது அவர்கள் முடிவு. அதாவது, நடப்பவனும் நீந்துபவனும் தோட்டம் கொத்துபவனும் அந்தத் தசையின் பெயரை அறியாமலே ஏறக்குறைய அதே பயனை அடைகிறார்கள்.

வயிற்றின்மேற் கட்டும் பெட்டியை விட்டு, நேரே நரம்பருகே மின்கம்பியைப் பதிக்கும் முறையும் வந்துவிட்டது. மூன்றாம் நாரியென்பின் அருகே மல்ரிபிடசுக்குச் செல்லும் நரம்புக்கிளையிலே கம்பிகளைச் சத்திரசிகிச்சையால் வைத்து, தோலின் கீழ்ச் சிறு மின்கருவியையும் பதித்து, நோயாளி நாளுக்கு இருமுறை அரைமணிநேரம் அதனை இயக்குவார். 2020 இல் அமெரிக்க அரசு இதற்கு அங்கீகாரமளித்தது. 204 பேரிடத்தே நடந்த சோதனையில், 120 நாளின் முடிவிலே, போதிய மின் பெற்றவருள் 100 க்கு 57 பேரும், பெயருக்குச் சிறிது மின் பெற்றவருள் 100 க்கு 47 பேரும் தேறினர். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்றே கணிதம் கூறிற்று. நாட்செல்லச் செல்ல மேலும் பலர் தேறினர் என்கிறார்கள். அப்போதோ ஒப்பிட்டுப்பார்க்க எதிர்க்குழு இல்லை. மற்றொன்றும் பலிக்காத சிலருக்கு, தேர்ந்த சத்திரவைத்தியர் கையிலே, இது உதவலாம். எங்கள் சங்கச் செலவிலே நடக்கும் காரியமன்று.

2023 டிசம்பரில் உலக சுகாதார தாபனம், நீடித்த நாரிநோவைப் பற்றித் தன் முதலாவது வழிகாட்டியை வெளியிட்டது. உலகிலே 2020 இல் நாரிநோ உற்றோர் ஏறக்குறைய 61 கோடி 90 இலட்சம் பேர். அவ்வழிகாட்டி உடற்பயிற்சியையும் நோயைப் பற்றிய தெளிவான விளக்கத்தையும் வேண்டுமென்கிறது. இடுப்புப் பட்டியையும், இழுவை வைத்தியத்தையும், முதலாம் வகை மின்பெட்டியையும் வழக்கமான சிகிச்சையாக வேண்டாமென்கிறது. வயிற்றைக் குறைக்கும், நாரியை நிமிர்த்தும் என்று பத்திரிகையிலும் தொலைபேசித் திரையிலும் வரும் மின்பட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2002 இலேயே அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு அங்கே பெரிதும் விளம்பரமான மூன்று வயிற்றுப் பட்டிகளை விற்றோர்மீது, பொய் விளம்பரம் செய்தனர் என வழக்கிட்டது. எங்கள் அங்கத்தவர் ஒருவரின் தகப்பனார், பெயர் சொல்லவேண்டியதில்லை, இப்படியான பட்டியொன்றைத் தபாலிலே வருவித்துக் கட்டினார். பசை காய்ந்த தகட்டின் ஓரத்திலே ஓட்டம் ஒருங்கே குவிந்து, தோல் காசளவு எரிந்து கொப்புளித்தது. அவருக்குச் சலரோகமும் உண்டு. புண் ஆற இரண்டு மாதம் சென்றது. நாரிநோ அப்படியே இருக்கின்றது.

ஆகவே பெட்டியே வேண்டாத பொருளென்று நினைத்துவிடாதீர்கள். முழங்காற் சத்திரசிகிச்சைக்குப்பின் தொடைத்தசை உறங்கிவிட்டவர்க்கு இத்தூண்டல் நன்றாக உதவுகின்றது. கழுத்து முள்ளந்தண்டிலே காயம்பட்டு வயிற்றுத்தசை தானாக அசையாதவர்க்கு, இருமும் வேளையோடு பொருந்த வயிற்றிலே தூண்டினால் இருமல் பலப்பட்டுச் சளி வெளியேறுகின்றது. போர் எங்கள் வன்னிக்குத் தந்த முள்ளந்தண்டுக் காயக்காரர் எத்தனை பேர் இன்னும் படுக்கையிலும் சக்கரநாற்காலியிலும் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்காக ஒரு பெட்டி வாங்குவதாயின், வைத்தியசாலையோடு கலந்து அதனை வாங்குவோம். அதற்கு எம் மூவரின் கையும் முதலில் உயரும்.

இன்னொன்றும் இம்மண்ணிலே சொல்லியாகவேண்டும். உடம்பிலே ஷெற்சிதறல் உள்ளவர் இங்கு பலர். இதயத்திலே மின்கருவி பொருத்தியவர், கர்ப்பவதிகள், வலிப்புள்ளவர், தோலிலே வெடிப்போ புண்ணோ உள்ளவர், சிதறல் உள்ளவர், இவர்களெல்லாம் வைத்தியரிடம் சொல்லாமல் எந்த மின்பெட்டியையும் தொடக்கூடாது. உப்பிலே நிற்பவரின் தோல் வெடித்திருப்பது வழக்கம். உப்பீரமான புண்ணின் வழியே மின் மிக இலகுவாகப் பாயும். நாரிநோவோடு சிறுநீர் மலம் அடைப்பட்டாலோ, அறியாமற் போனாலோ, இருக்கும் இடம் மரத்தாலோ, கால் சோர்ந்துபோனாலோ, காய்ச்சலும் மெலிவும் சேர்ந்தாலோ, எண்ணெயும் ஒத்தணமும் பார்த்துக்கொண்டிராது அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். தாமதித்தாற் கால் திரும்பாமற் போகலாம்.

எங்கள் சபையிலே ஒரு பெரியவர், "இதெல்லாம் எங்கள் யோகிகள் முன்னமே கண்டதுதானே, உட்டியான பந்தம் என்பது இதுவன்றோ?" என்று கேட்டார். இந்து வாலிபராகிய எமக்கும் அப்படிச் சொல்ல ஆசைதான். ஆனால் உண்மை வேறு. உட்டியானத்திலே மூச்சை முழுதும் வெளிவிட்டு, விலாவை விரிக்க, வயிறு தளர்ந்து உள்ளே உறிஞ்சப்படுகின்றது. வயிற்றுத்தசை அங்கே இளகுகின்றது, இங்கே இறுகுகின்றது. இல்லாத பெருமையை யோகத்துக்குச் சூட்டவேண்டியதில்லை. பிள்ளையாருக்கு முன் போடும் தோப்புக்கரணமோ, நாரியை நிமிர்த்தி முழங்காலை மடித்து எழப் பழக்குவது. கடகம் தூக்குவோருக்கு அதுவே நேரான பயிற்சி.

இனிப் பிரேரணைக்கு வருவோம். எம் மூவரின் கருத்து, நாரிநோவுக்கென்று பெட்டி வாங்கவேண்டாம் என்பதே. சேர்ந்த பணத்தை எதிலே இடலாம்? முன்னே போட்ட கணக்கை நினையுங்கள். அமெரிக்கத் தொழிற்சுகாதார நிலையத்தார் 1991 இல் வகுத்த கணக்கிலே, எல்லா வசதியும் அமைந்த வேளையிலேகூடக் கையாலே தூக்கத்தக்க பாரம் 23 கிலோவே. குனிந்து, திரும்பி, தூரத்திலிருந்து தூக்கினால் அது இன்னும் குறையும். எங்கள் பக்கத்திலே உப்பு மூட்டை 50 கிலோ. இதனை எந்த மின்பெட்டியும் ஈடுசெய்யாது.

அரைக் கடகமாகச் சுமக்கலாமே என்று உப்பள்ளும் அக்கா ஒருவரிடம் சொன்னோம். "அரைக் கடகமெண்டால் நடை இரட்டிப்பெல்லோ தம்பி, காலுக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்று அவர் திருப்பிக் கேட்டார். நாம் வாயடைத்துப் போனோம். புத்தகத்திலே நடைக்குக் கணக்கு இல்லை. அதன்பிறகே தள்ளுவண்டி நினைவுக்கு வந்தது: அகன்ற சில்லுள்ள, துருப்பிடிக்காத வண்டி, வரம்பிலே அது ஓடப் பலகைப்பாதை, குனியாமல் அள்ள இடுப்பளவு உயரத்திலே கடகம் வைக்கும் மேடை. ஒரு பெட்டியின் விலைக்குள்ளே இவற்றுட் சில அடங்கும் என்று எமக்கு வண்டி செய்து தரக்கூடிய பரந்தன்பக்கத்துத் தச்சரும் இரும்புவேலைக்காரரும் சொல்கின்றனர். அத்தோடு, காலை வேலைக்கு முன்னே கால்மணிநேரம் உடலை இளக்கும் பயிற்சியைச் சங்கத்து வாசிகசாலை முற்றத்திலே நடத்தலாம். இயன்மருத்துவர் ஒருவர் முதல் நாலு கிழமையும் வந்து காட்டித்தர உடன்பட்டுள்ளார். பெண்கள் அந்த நேரத்திலே அடுப்படியை விட்டு வரமுடியாது என்று சொன்னதால், அவர்களுக்கு மாலையிலே வைக்கவேண்டும்.

ஐயா, உங்கள் கேள்விக்கு விடை: அந்தப் பெட்டி உங்கள் நாரியை நிமிர்த்தாது. நோவைச் சிறிது நேரம் மறக்கச் செய்யலாம். மறந்த வேளையிலே நீங்கள் இன்னுமொரு மூட்டையைத் தூக்கிவிடுவீர்களோ என்பதே எமது பயம். உங்களுடைய கால் மரக்கவில்லை, சிறுநீருக்குக் குறையில்லை என்று அன்றைக்குச் சொன்னீர்கள். ஆகையாற் படுத்திருக்கவேண்டாம், நடவுங்கள். ஒருமுறை கிளிநொச்சி வைத்தியசாலையிலே காட்டிவிடவும் வேண்டும். நாமே கூட்டிக்கொண்டு போகிறோம். புதன்கிழமை காலை பஸ்ஸிலே இடம்பிடித்து வைப்போம்.

விலைக்கடிதங்கள் மூன்றும், தள்ளுவண்டிக்குத் தச்சர் தந்த மதிப்பும் செயலாளரிடம் இருக்கின்றன. பெட்டியே வேண்டும் என்று கருதுவோர் தம் நியாயத்தை இப்போது சொல்லலாம். இரவற் பெட்டியும் இதோ மேசைமேல் இருக்கின்றது. கட்டிப்பார்க்க விரும்புவோர், சாப்பாட்டுக்கு முன்னரே முன்வரவும்.